கடன் அடைக்கிற கணக்கை இணையத்தில் நாலு பேருக்குக் காட்டுவது எப்படி?

கடனை அடைத்தே தீருவது என்று கிளம்பும்போது இருக்கிற வேகம் இரண்டு மூன்று மாதம் தாங்கும். சோதனை அதற்குப் பிறகுதான். மாதாமாதம் சம்பளத்தில் பெரும்பங்கு போகிறது, வீட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் வரவில்லை, பாக்கியைப் பார்த்தால் அசைந்த மாதிரியே இல்லை. வீடு கட்டினால் சுவர் எழும்புவது தெரியும். நகைச்சீட்டு கட்டினால் கடைசியில் நகை வரும். கடன் அடைப்பதில் கைக்கு எதுவும் வராது. எங்கோ ஓர் எண் சின்னதாகிறது. அந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதி, மாதம் ஒருமுறை இணையத்தில் சிலருக்குக் காட்டி, அடுத்த மாதமும் காட்ட வேண்டுமே என்பதற்காகவே விடாமல் கட்டுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

இது வெறும் உற்சாகப் பேச்சு அல்ல. பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 138 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2016-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அடிக்கடி அளந்து பார்ப்பவர்கள் இலக்கை அடையும் வாய்ப்பு கூடுகிறது. அளந்ததை எழுதி வைத்தாலோ, பிறர் அறியச் சொன்னாலோ பலன் இன்னும் அதிகம். ஆனால் 2009-ல் பீட்டர் கால்விட்சர் குழுவினர் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. 'இப்படி ஆகப்போகிறேன்' என்ற எண்ணத்தை மற்றவர்கள் கவனித்துவிட்டால், பாதி ஆகிவிட்ட மாதிரி மனம் நிறைந்து, உழைப்பு குறைந்துவிடுகிறது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் விதி ஒன்றுதான்: கட்டப்போவதை அறிவிக்காதீர்கள், கட்டியதைக் காட்டுங்கள். 'இந்த வருஷம் எல்லாக் கடனையும் முடிக்கிறேன்' என்று போட்டால் நூறு கைதட்டல் வரும், அன்றைக்கே மனசு ஆறிவிடும். முதல் தவணையைக் கட்டி முடிக்கும் வரை எதையும் போட வேண்டாம்.

முதலில் முழுக் கணக்கு

ஒரு நோட்டை எடுத்து எல்லாக் கடனையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரம் வேண்டும்: யாரிடம், இன்றைய அசல் பாக்கி, ஆண்டு வட்டி, மாதத் தவணை, எந்தத் தேதி. இஎம்ஐ மீதத்தைக் கூட்டிப் பாக்கி என்று எழுதாதீர்கள். அதில் இனி வரப்போகும் வட்டியும் சேர்ந்திருக்கும். வங்கி ஆப்பில் கடன் விவரத்துக்குள் போனால் அசல் பாக்கி தனியாகத் தெரியும்.

விட்டுப்போகிறவை பெரும்பாலும் இவைதான்: எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணைகள், மளிகைக்கடை நோட்டு, ஆப்பில் 'பிறகு கட்டலாம்' என்று வாங்கிய போன், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று. சீட்டை எடுத்த பிறகு கட்டுவது சேமிப்பு அல்ல, கடன்தான்.

வட்டியை எல்லாம் ஆண்டுச் சதவீதத்துக்கு மாற்றினால்தான் ஒப்பிட முடியும். 'ரெண்டு ரூபாய் வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். வண்டிக் கடனில் 'ஃப்ளாட் 10 சதவீதம்' என்றால் மூன்றாண்டுத் தவணையில் உண்மையான வட்டி 18 சதவீதத்துக்கு அருகில் வரும். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுகிறார்கள். தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். நூறு நாளுக்கு 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருந்தது அந்த 8,500-ல் பாதிதான்.

ஒரு கணக்கை வைத்தே மேலே போவோம்.

கிரெடிட் கார்டு 84,000 ரூபாய், மாதம் 3.5 சதவீதம்.
தனிநபர் கடன் 2,10,000, ஆண்டுக்கு 15 சதவீதம், இஎம்ஐ 8,500.
நகைக்கடன் 1,20,000, ஆண்டுக்கு 9.5 சதவீதம், மாத வட்டி 950.
ஆப் கடன் 18,000, இன்னும் மூன்று தவணை, ஒவ்வொன்றும் 6,300.
மைத்துனர் கைமாற்று 40,000, வட்டி இல்லை.
மொத்தம் 4,72,000.

மாதம் 24,000 ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். மற்றவற்றுக்குக் கட்டியதுபோகக் கார்டுக்கு 8,250 மிஞ்சும்.

ஏன் கார்டுக்கு? 84,000-க்கு மாத வட்டி 2,940. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 529. ஆக 3,469 வட்டிக்கே போகிறது. பாக்கியில் 5 சதவீதம் 'குறைந்தபட்சத் தொகை' என்று கேட்கும் கார்டில் 4,200 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால், பாக்கி வெறும் 731 ரூபாய்தான் குறையும். பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள், ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பதிவு மட்டும் போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதா, சின்னதை முதலில் முடிப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். பணக் கணக்குக்கு முதலாவது லாபம். ஆனால் பதிவு போட்டுத் தாக்குப்பிடிக்கப் போகிறவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு கடன் மொத்தமாக முடிவது பெரிய தெம்பு. மேலே உள்ள கணக்கில் இரண்டுக்கும் சண்டை இல்லை: ஆப் கடன் மூன்றே மாதத்தில் தானாக முடிகிறது, உபரி முழுவதும் கார்டுக்குப் போகிறது. நான்காம் மாதத்திலிருந்து அந்த 6,300-ம் கார்டோடு சேர்ந்து 14,550 ஆகும். புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால் ஒன்பதாவது மாதம் கார்டு பூஜ்யம்.

எந்த எண்ணைக் காட்டுவது?

பலர் செய்கிற தவறு, 'இந்த மாசம் 24,000 கட்டினேன்' என்று மட்டும் போடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மாதம் உண்மையில் குறைந்தது எவ்வளவு? கார்டுக்கு 3,469, தனிநபர் கடனுக்கு 2,625, நகைக்கு 950, ஆப்புக்கு 450. ஆக மொத்தம் 7,494 வட்டிக்குப் போனது. அசலில் குறைந்தது 16,506. மீதம் 4,55,494. இந்த 16,506-தான் உங்கள் எண். வட்டிக்குப் போனதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏழாயிரத்து ஐந்நூறு வட்டிக்குப் போகிறது என்று மாதாமாதம் தன் கையால் எழுதுகிறவருக்கு, தள்ளுபடி விளம்பரம் பழைய மாதிரி இனிக்காது.

ரூபாயாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சதவீதமாகச் சொல்லுங்கள். 4,72,000-ல் 16,506 என்றால் 3.5 சதவீதம். சதவீதத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஐடி வேலையில் இருப்பவர் ஒரே மாதத்தில் ஒரு லட்சம் அடைத்தேன் என்று எழுத, பக்கத்தில் 4,000 அடைத்தவர் வாயடைத்துப்போவார். இருவரும் 4 சதவீதம் என்று எழுதினால் இருவரும் சமம்.

காட்டுவதற்குப் படம் வேண்டுமே. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். பத்துக்குப் பத்து, நூறு கட்டத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். மொத்தக் கடனை நூறால் வகுத்தால் ஒரு கட்டத்தின் மதிப்பு. இங்கே 4,720 ரூபாய். முதல் மாதம் மூன்று கட்டம் நிறமடிக்கலாம், மீதி 2,346 ரூபாய் அடுத்த மாதக் கணக்கில் சேரும். அரைக் கட்டமெல்லாம் அடிக்காதீர்கள். முழுதாக நிரம்பினால்தான் நிறம் என்று வைத்தால், கட்டம் நிரம்ப நானூறு ரூபாய் குறையும்போது எங்கிருந்தாவது அதைத் தேடி எடுக்கத் தோன்றும். பழைய பேப்பர் விற்ற காசு, ஆட்டோவுக்குப் பதில் பேருந்தில் போன மிச்சம் என்று. கடனுக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டால் எது எப்போது கரைந்தது என்று பின்னால் பார்க்க முடியும்.

ஒரு நுணுக்கம். பாதி தாண்டும்வரை 'எவ்வளவு முடிந்தது' என்று சொல்லுங்கள், பாதிக்குப் பிறகு 'எவ்வளவு மீதி' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டில் எது சின்ன எண்ணோ அதைக் காட்டும்போது, ஒவ்வொரு மாத அசைவும் அதன் பக்கத்தில் பெரிதாகத் தெரியும். 7 சதவீதத்திலிருந்து 10.5-க்குப் போவது கண்ணில் படும். '93-லிருந்து 89.5 மீதி' என்றால் யாருக்கும் எதுவும் ஆன மாதிரி இருக்காது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது: சின்னப் பகுதியைப் பார்ப்பவர்களுக்குத்தான் ஊக்கம் கூடியது.

எங்கே, யாரிடம்?

முதலில் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நீங்களும் அவர்களும் ஒருவர் போன் எண்ணை ஒருவர் சேமித்து வைத்திருந்தால், மாமியார், வீட்டு ஓனர், மேலாளர், கடன் கொடுத்தவர் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். நம் ஊரில் ஒரு குடும்பத்தின் கடன் தொகை வெளியே தெரிந்தால் அது பெண் பார்க்கும் இடம்வரை பேசப்படும். அந்த அச்சத்தைச் சும்மா பயம் என்று தள்ள முடியாது. அதனால்தான் சொந்தக்காரர்கள் இல்லாத இடம் வேண்டும் என்கிறோம்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, நாலு முதல் ஆறு பேர் கொண்ட மூடிய குழு. எல்லோரும் கடன் அடைப்பவர்களாக இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க ஒருவரும் வேண்டாம். பத்துப் பேருக்கு மேல் போனால் யாராவது பேசட்டும் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் அனைவரின் கைபேசி எண்ணும் தெரியும். ஏற்கெனவே அறிந்தவர்கள் என்றால் பரவாயில்லை. அறியாதவர்கள் என்றால் டெலிகிராம் நல்லது. அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதியில், தொலைபேசி எண்ணை யார் பார்க்கலாம் என்பதை 'யாரும் வேண்டாம்' என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, பெயரில்லாத தனிக் கணக்கு, இன்ஸ்டாகிராமிலோ எக்ஸ் தளத்திலோ. புதிய மின்னஞ்சல் முகவரியில் தொடங்குங்கள். தொலைபேசித் தொடர்புகளை ஒத்திசைக்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதித்தால் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று உங்கள் கணக்கையே அண்ணன் மகனுக்குக் காட்டும். சொந்த முகம், ஊர், நிறுவனம், பிள்ளையின் பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் வரக்கூடாது. 'கோவையில் இருக்கும் 34 வயது நர்ஸ், இரண்டு பிள்ளைகள்' என்பதே போதும், தெரிந்தவர் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

தொடங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை மூடிய குழுதான். பொதுக் கணக்கில் பாராட்டு அதிகம் கிடைக்கும். ஆனால் பத்தாம் தேதி ஆகியும் நீங்கள் எதுவும் போடவில்லை என்றால் 'என்ன ஆச்சு?' என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. இந்த முறை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் கூட்டம் கூடி, நோட்டைத் திறந்து, யார் எவ்வளவு கட்டினார் என்று எல்லோர் முன்பும் வாசிப்பார்கள். அந்த வாசிப்புக்கு இருக்கிற பலம்தான் இங்கே நமக்கு வேண்டும். ஒரே வேறுபாடு, இங்கே ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொறுப்பில்லை.

அதனால் குழு தொடங்கும் நாளிலேயே இரண்டு விதி எழுதி மேலே பின் செய்துவிடுங்கள். ஒன்று, குழுவுக்குள் கைமாற்று கேட்பதும் கொடுப்பதும் கிடையாது, ஜாமீன் கையெழுத்தும் கிடையாது. இது உடைந்த நாளோடு குழு முடிந்தது. கொடுத்தவர் வசூல்காரர் ஆகிவிடுவார், வாங்கியவர் பதிவு போடுவதை நிறுத்திவிடுவார். இரண்டு, இங்கே வருவது வெளியே போகாது, திரைப்பிடிப்பு எடுக்கக்கூடாது.

எதற்கும் முன்னால் வீட்டில் சொல்ல வேண்டும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குடும்பக் கடனை இணையத்தில் எழுதுவது, தெரியவரும்போது கடனை விடப் பெரிய சண்டையாகிவிடும். மற்றவர் சம்மதிக்கவில்லை என்றால், உங்கள் பெயரில் இருக்கிற கடனை மட்டும் எழுதுங்கள்.

மாதப் பதிவு

மாதம் ஒருமுறை போதும். வாரம் ஒருமுறை போட்டால் எண் அசைந்திருக்காது, சொல்ல ஒன்றும் இருக்காது, மூன்றாவது வாரமே அலுத்துவிடும். தேதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: சம்பள நாள் அல்ல, கடைசித் தவணை கட்டிய மறுநாள். சம்பளம் 1-ம் தேதி, இஎம்ஐ 5-ம் தேதி, கார்டு 12-ம் தேதி என்றால் உங்கள் நாள் 13. சம்பள நாளில் பதிவு போட்டால் அது கட்டப்போவதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

வடிவம் எப்போதும் ஒன்றே. யோசித்து எழுத வேண்டிய பதிவு, களைத்துப்போன மாதத்தில் எழுதப்படாமலே போய்விடும். இதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்:

மாதம் 1
கட்டியது: 24,000
வட்டிக்குப் போனது: 7,494
அசல் குறைந்தது: 16,506
மீதி: 4,55,494 (முடிந்தது 3.5%)
உயிரோடு இருக்கும் கடன்கள்: 5
இந்த மாதம் சறுக்கியது: மாமா வீட்டுக் காதுகுத்து மொய் 3,000, கணக்கில் எழுதவில்லை
அடுத்த மாதம் ஒரே மாற்றம்: மொய்க்கு மாதம் 1,000 தனிக் கவரில்

கூடவே நிறமடித்த கட்டத்தின் படம். கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். எண் மட்டும் இருந்தால் 'சூப்பர்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். சறுக்கியதை எழுதினால் அதே இடத்தில் சறுக்கிய இன்னொருவர் வழி சொல்வார். மாற்றம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஐந்து தீர்மானம் போட்டால் ஐந்தும் நடக்காது.

மற்றவர் பதிவுக்குப் பதில் எழுதும்போது தொகையைப் பற்றி எழுதாமல் செய்த காரியத்தைப் பற்றி எழுதுங்கள். 'மொய்க் கவர் நல்ல யோசனை, நான் ஆடி மாதத்துக்கும் ஒன்று போடப்போகிறேன்' என்பது பத்து இதயக் குறிகளை விட உதவும்.

மறைக்க வேண்டியவை

திரைப்பிடிப்பு போடாமல் எண்ணைக் கையால் தட்டச்சு செய்வதே பாதுகாப்பு. போட்டே ஆக வேண்டும் என்றால் பெயர், கணக்கு எண், கடன் எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம், யுபிஐ முகவரி, கியூஆர் குறியீடு, பணம் அனுப்பியதற்கு அடையாளமான யுடிஆர் எண், கிளையின் பெயர் எல்லாம் மறைய வேண்டும். கடைசி நான்கு இலக்கத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். 'உங்கள் கார்டு 4417-ல் முடிகிறது அல்லவா, வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பவருக்கு அதுதான் சாவி.

மறைக்கும்போது போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் கிறுக்காதீர்கள். அந்த மை அரைகுறையாகத்தான் மறைக்கும். படத்தின் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டினால் அடியில் உள்ள எண் தெரிந்துவிடும். அடர் கறுப்புக் கட்டம் வைத்து மறையுங்கள், அல்லது அந்தப் பகுதியையே வெட்டி எறியுங்கள். மேலே வந்து நிற்கும் குறுஞ்செய்தி அறிவிப்பையும் ஒருமுறை பாருங்கள். நோட்டைப் படமெடுக்கும்போது பக்கத்தில் பாஸ்புக்கோ அடகுச் சீட்டோ இருக்கக்கூடாது.

வங்கியைத் திட்டி அதன் கணக்கை டேக் செய்து எழுதுவதும் ஆபத்து. சில நிமிடத்தில் 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் போலிக் கணக்கு வந்து போன் எண் கேட்கும். குறை இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி தரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.

தேடி வருபவர்கள்

கடன் என்று பொதுவெளியில் எழுதிய மறுநாளே உள்பெட்டிக்குச் சிலர் வருவார்கள். எல்லாக் கடனையும் ஒரே கடனாக்கித் தருகிறோம், 'ப்ராசஸிங் கட்டணம்' 2,999 மட்டும் முன்பணம் என்பவர். வீட்டிலிருந்தே தினம் 2,000 சம்பாதிக்கலாம், ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் போதும் என்பவர். டெலிகிராமில் பங்குச்சந்தை டிப்ஸ் தருபவர். கடனில் இருப்பவருக்கு அவசரம் அதிகம் என்று தெரிந்தே குறி வைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். கடன் கொடுக்க முன்பணம் கேட்டால் அது மோசடி; இதில் விதிவிலக்குத் தேட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு.

'பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் பேசி முடிக்கிறோம்' என்ற ஆட்களிடமும் கவனம். உண்மையிலேயே கட்ட வழியில்லாதவருக்குச் செட்டில்மென்ட் ஒரு வழிதான். ஆனால் உங்கள் கடன் அறிக்கையில் அது 'முடிந்தது' என்று பதிவாகாது, 'செட்டில்டு' என்று பதிவாகும். பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பேச வேண்டும் என்றால் இடையில் ஆள் இல்லாமல் கடன் கொடுத்த நிறுவனத்திடமே பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

தவணை தவறி வசூல் ஆட்கள் அழைக்கிறார்கள் என்றால், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ எடுக்கவும் கூடாது. மிரட்டினால் அழைப்பைப் பதிவு செய்து புகார் கொடுங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. காவல் நிலையத்தில் 'கந்துவட்டித் தடைச் சட்டம்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மிரட்டலிலும் அவமானத்திலும் மனம் உடைந்து, உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் பதிவு, கணக்கு எல்லாம் அப்புறம். மனநல உதவி எண்களான 14416 அல்லது 104-ஐ அழைத்துப் பேசுங்கள், எந்த நேரமானாலும். குழுவில் ஒருவர் அப்படி எழுதினால் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் அவருக்குப் போன் செய்யுங்கள்.

கணக்கு பின்னால் போகும் மாதம்

ஜூனில் பள்ளிக் கட்டணம், பிறகு தீபாவளி, நடுவில் ஒரு வளைகாப்பு, எதிர்பாராமல் ஆஸ்பத்திரி. ஏதாவது ஒரு மாதம் மீதித் தொகை கூடும். இந்த முறையைக் கைவிடுகிறவர்கள் அனேகமாக இங்கேதான் கைவிடுகிறார்கள். பணம் இல்லாததால் அல்ல. கூடிய எண்ணைப் போட வெட்கப்பட்டு ஒரு மாதம் பதிவைத் தள்ளுவார்கள். அடுத்த மாதம் இரண்டு மாதக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் தள்ளுவார்கள். அதன்பிறகு குழுவைத் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

அந்த மாதமும் அதே தேதியில், அதே வடிவத்தில் போடுங்கள். 'அசல் குறைந்தது' என்ற இடத்தில் 'கூடியது 6,200' என்று எழுதுங்கள். நிறமடித்த கட்டத்தை அழிக்காதீர்கள். கட்டத்துக்கு வெளியே அந்தத் தொகையைப் பென்சிலால் எழுதி, அது சரியாகும்வரை புதுக் கட்டம் அடிக்காமல் இருங்கள். உழைத்து அடைத்ததை அழிப்பது மனதை உடைக்கும், அதற்கு அவசியமும் இல்லை. குழுவில் மற்றவர்கள் அன்றைக்கு எழுத வேண்டியது ஒரே கேள்வி: 'அடுத்த மாதத் தவணைக்கு எது தடையாக இருக்கிறது?' அறிவுரை கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட மாதங்கள் கார்டைத் திரும்பவும் எடுக்க வைக்காமல் இருக்க, 10,000 அல்லது 15,000 ரூபாய் தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கார்டில் 42 சதவீத வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தச் சிறு தொகை இல்லாதவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அதே கார்டைத்தான் தேய்ப்பார். இதற்கு ஏடிஎம் கார்டு வாங்காமல் விட்டால் இன்னும் நல்லது.

தானியங்கித் தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. கட்ட முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், பணம் எடுக்கும் நாளுக்கு முன்பே கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒரு கடன் முடியும்போது

கூடுதல் பணம் வந்து தனிநபர் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டி அடைக்க நினைத்தால், முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். நிலையான வட்டிக் கடன்களில் முன்னடைப்புக் கட்டணம் இருக்கலாம். பல நிறுவனங்கள் முதல் 12 தவணை முடியும்வரை அனுமதிப்பதே இல்லை. அனுமதித்தால், இது அசலுக்கான பகுதித்தொகை என்றும், இஎம்ஐ-யைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்க வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டால், அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக அது உட்கார்ந்துகொள்ளும், வட்டி குறையாது. அந்த மாதக் கட்டத்துக்கு நிறமடிக்கும் முன் ஆப்பில் அசல் பாக்கி உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடன் முழுதாக முடிந்தால் 'உயிரோடு இருக்கும் கடன்கள்' எண் ஒன்று குறைகிறது. இந்தப் பதிவைக் கொஞ்சம் கொண்டாட்டமாகவே போடலாம், ஆனால் பாக்கியில்லாச் சான்று கைக்கு வந்த பிறகு. கார்டை மூடச் சொல்லிக் கேட்டால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் கடன் முடிந்து 30 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000. இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து 'முடிந்தது' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நாட்டில் இருக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம்.

முடிந்த கடனின் தவணைப் பணத்தை அதே தேதியில் அடுத்த கடனுக்குத் திருப்பிவிடுங்கள், ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல். 'ஒரு மாசம் மூச்சு விட்டுக்கிறேன்' என்று விட்ட பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் திரும்பப் பிரித்தெடுப்பது கடினம். மூச்சு விட வேண்டும்தான். அதற்கு அந்த மாதத் தொகையிலிருந்து 500 ரூபாய் எடுத்துக் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டு, அதையும் பதிவில் எழுதுங்கள்.

வட்டியில்லாத கைமாற்றைக் கடைசிக்குத் தள்ளுவது கணக்குப்படி சரி. ஆனால் மைத்துனரிடம் 'கார்டு முடிந்ததும் மாதம் 5,000 வீதம் உங்களுக்குத்தான்' என்று இப்போதே சொல்லி, தேதியையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அவரைக் காக்க வைத்தால் அதற்கான வட்டியை உறவில் கட்ட நேரிடும்.

நகையை மீட்கப் போகும் நாளில் அடகுச் சீட்டையும், வைத்த அன்று எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். கவுன்டரிலேயே எடை போடச் சொல்லி, சீட்டில் எழுதியிருக்கும் மொத்த எடையோடும் கல் நீக்கிய எடையோடும் சரிபார்த்து, கண்ணியும் கொக்கியும் வைத்தபடியே இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அன்றைய பதிவில் நகையின் படம் வேண்டாம். நிரம்பிய கட்டத்தின் படம் போதும்.